தொட்டாற்சிணுங்கியின் நரம்பைத் தேடியவர்



நம் அத்திப்பட்டுப் பக்கம் வரப்போரமாய் நடக்கையில் தொட்டாற்சிணுங்கியைச் சீண்டிப் பார்க்காத பிள்ளை உண்டா? விரல் படுவது ஓர் இலைநுனியில். தொங்கிவிடுவதோ காம்போடு இலை முழுவதும். நுனியில் நேர்ந்த சங்கதி காம்படிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? இந்தக் கேள்வியிலே தம் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சர் ஜகதீச சந்திர போஸ்.

1858-ல் வங்காளத்தில் பிறந்தார். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். ஆயினும் மகனை முதலில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல், மீனவர் பிள்ளையோடு ஒரே பலகையில் அமர்ந்து தாய்மொழி படிக்க வைத்தார். பிறகு கல்கத்தா அர்ச். சவேரியார் கல்லூரி. அங்கே பெல்ஜியம் தேசத்துச் சேசு சபைக் குருவான லபோன் சுவாமியார் கருவிகளை வைத்துச் செய்து காட்டியே பௌதிகம் கற்பித்து வந்தார். போஸ் கைக்குக் கருவிப் பழக்கம் வந்தது அவரிடத்திலேதான் என்று சொல்லலாம்.

கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பி, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம் என்பது அன்றைய விதி. போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் தொடவில்லை, மூன்று வருஷம்! தகப்பனாரின் கடன் தலைமேல் இருந்த காலம் அது. 1887-ல் அபலா அம்மையாரை மணந்தார். நம் சென்னைக்கு வந்து வைத்தியம் படித்து, தேக அசௌக்கியத்தால் இடையில் நிறுத்தியவர் இந்த அம்மாள். குடித்தனம் தொடங்கியதே சம்பளமில்லாத வீட்டில். கடைசியில் சர்க்கார் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு கொடுத்தது.

முதலில் மின்காந்த அலைகளை ஆராய்ந்தவர், 1900-ஐ ஒட்டிச் செடிகளின் பக்கம் திரும்பினார். கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியைச் செய்தார். தொட்டாற்சிணுங்கியில் செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது என்றும், காம்பைக் குளிரச் செய்தால் அது தாமதிக்கிறது என்றும் அளந்து காட்டினார். காம்படியில் சிறு புடைப்பு ஒன்று இருக்கிறதே, துடிப்பு அங்கே வந்ததும் அதன் கீழ்ப்பக்க அணுக்களிலிருந்து நீர் வெளியேறுகிறது; விறைப்புக் குறைந்து காம்பு தாழ்கிறது. சற்று நேரத்தில் நீர் திரும்பவே இலை நிமிர்கிறது. மிருகங்களுக்குள்ள நரம்பு செடிக்கு இல்லை. ஆனால் மின்துடிப்பு உண்மை என்பதை இன்று எல்லாரும் ஒப்புகிறார்கள்.

மரத்தில் நீர் ஏறும் விஷயத்தில் மட்டும் அவர் கணக்குத் தவறியது. உயிரணுக்கள் இருதயம்போல் துடித்து நீரைத் தள்ளுகின்றன என்று நினைத்தார். உள்ளபடி, வேர்த்தூவிகள் உறிஞ்சும் நீரை இலையின் நுண்துளைகளில் நடக்கும் ஆவியாதலே மேலே இழுக்கிறது. வெயிலில் வாடி நிற்கும் கத்தரிச் செடியைப் பாருங்கள்: இலை செலவழிக்கும் வேகத்துக்கு வேர் வரவு கொடுக்க முடியவில்லை.

1917-ல் கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் கட்டினார். அது இன்றும் நடக்கிறது. 1937 நவம்பரில் கிரிடியில் காலமானார். அபலா அம்மையார் பெண்கள் கல்விக்கு உழைத்து 1951 வரை வாழ்ந்தார்.