பொன்னைக் கண்டவரும் பொன்னைக் கொண்டவரும்

பொன்னைத் தேடிப் புறப்பட்டோர் பல்லாயிரவர். அதனைக் கண்டோர் சிலர். கண்டதைக் காத்துக்கொண்டோர் மிகச் சிலர். பெரும்பொருள் சேர்க்காது, பெயரை மட்டும் உலகில் நிறுத்திச் சென்றவர் ஒருவர் உளர். அவர் பற்றிக் ஹனன் என்பவர். மேற்கு அவுஸ்திரேலியாவிலுள்ள கல்கூர்லி நகரின் தலைமை வீதி இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவர் வரலாறு பொன்னைப் பற்றியது மட்டுமன்று. அருகிலிருப்பதைக் காணும் கண்ணைப் பற்றியதுமாகும்.

ஹனன் அயர்லாந்து தேசத்தில் கிளேர் மாவட்டத்துக் குவின் என்னும் சிற்றூரில் 1840ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவர் ஐந்து வயதுச் சிறுவராயிருந்தபோது உருளைக்கிழங்குப் பயிரை நோய் பற்றியது. அதனாலெழுந்த கொடும் பஞ்சத்தில் அந்நாட்டு மக்களுட் பத்து இலட்சம்பேர்வரை மாண்டனர்; ஏறக்குறைய அத்தனைபேர் கடல் கடந்தனர். பிறந்த மண் சோறிடாதபோது பிற மண்ணை நாடுதல் மனித இயல்பன்றோ? ஹனனும் 1862ஆம் ஆண்டில், தமது இருபத்திரண்டாம் வயதில், அவுஸ்திரேலியாவிற்குக் கப்பலேறினார்.

அதன்பின் முப்பது ஆண்டுகள் அவர் வாழ்வு அலைச்சலே. பல்லராற் சுரங்கங்களில் நிலத்தடியில் உழைத்தார்; நியூசிலாந்துக்குச் சென்று மீண்டார்; 1886ஆம் ஆண்டில் தென் அவுஸ்திரேலியாவில் ரீற்றுல்பா என்னுமிடத்திற் பொன் வெளிப்பட்டபோது அங்கும் விரைந்தார். இவற்றால் அவர் செல்வரானாரல்லர், ஆயின் கற்றவரானார். எந்த வெண்கற் பாறை வெறுங்கல், எது பொன் தாங்கும் கல், மழைநீர் வாரிவந்த பொற்றுகள் எந்தப் பள்ளத்திற் சென்று தங்கும் என்பனவற்றை அவருக்குப் போதித்த பள்ளிக்கூடம் அந்த அலைச்சலே.

முடிவில் அவர் மேற்கு அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டை அடைந்தார். பிற நாடுகளிற் பொன் தேடுவோர் ஆற்று மணலைத் தட்டிலிட்டு நீரால் அலசுவர். மண் கரைந்து போகும். பாரமான பொன் அடியிற் றங்கும். இங்கோ குடிப்பதற்கே நீரில்லை. அலசுவதற்கு எங்ஙனம் கிடைக்கும்? ஆதலின் அங்குள்ளோர் நம் உழவர் களத்திற் செய்வதையே செய்தனர். ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டுக்கு மண்ணை உயரத்திலிருந்து சொரிந்தனர். புழுதியைக் காற்று கொண்டுபோயிற்று. பாரமான மணிகள் நேரே வீழ்ந்தன. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்னும் நம் பழமொழி அப்பாலைநிலத்திற் பொன்னுக்கும் பொருந்துவதாயிற்று.

1892ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் பெய்லி, போர்ட் என்னும் இருவர் கூல்கார்டி என்னுமிடத்திற் பெரும்பொன் கண்டனர். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் அங்கு மொய்த்தனர். ஒருவர் கண்ட இடத்தையே எல்லோரும் சுற்றிச் சுற்றித் தோண்டுவது உலக வழக்கு. அதற்கு அப்பாலுள்ள நிலம் பலராற் சரிவர ஆராயப்படாதே கிடந்தது.

1893ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்திற் கிழக்கே யூல் மலைப்பக்கம் பொன் உண்டென்று ஒரு வதந்தி எழுந்தது. பலர் முந்திக்கொண்டு புறப்பட்டனர். ஹனனும், அவருடைய அயர்லாந்துத் தோழர்களாகிய பிளானகன், ஷே என்போரும் சில நாட்கள் பிந்தியே சென்றனர். கூல்கார்டியிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர் தூரத்தில், சார்லற் குன்றின் அயலில், அவர்கள் தங்க நேர்ந்தது. குதிரையின் இலாடம் கழன்றமையாலே தங்கினர் என்று ஒரு கதை வழங்குகின்றது. காரணம் யாதாயினும், முன்னே சென்றோர் நில்லாது கடந்த அந்நிலத்தில் இவர்கள் நின்று நிலத்தை நோக்கினர். அங்கே பொற்கட்டிகள் மேற்பரப்பிலேயே கிடந்தன. முதலிற் கண்டவர் பிளானகனே என்று கூறுவாரும் உளர்.

கண்டதனால் மட்டும் உரிமை வந்துவிடாது. அதிகாரியிடம் பதிதல் வேண்டும். தோழர் இருவரும் காவலிருக்க, நூறு அவுன்சுக்கு மேற்பட்ட பொன்னுடன் ஹனன் கூல்கார்டிக்குத் திரும்பி, யூன் 17ஆம் நாளிரவு உரிமையைப் பதிந்தார். பதிந்தவர் பெயரே வரலாற்றில் நிலைத்தது. பொழுது விடிவதற்குள் ஊரே எழுந்தது. சில நாட்களுள் நூற்றுக்கணக்கானோர் அவ்விடத்திற் கூடினர். அவ்விடம் முதலில் ஹனன்ஸ் எனப்பட்டது. பின்னரே கல்கூர்லி என்னும் பெயர் நிலைபெற்றது. அப்பெயர் அந்நிலத்தின் ஆதிக்குடிகளது மொழியில் ஒரு காட்டுக்காயைக் குறிக்கும் சொல்லினின்றும் வந்தது.

இனி, வரலாற்றின் விசித்திரத்தைக் காண்போம். அவ்வாண்டிலேயே அடிலெயிட் நகரத்தார் சிலர் 150 பவுண் முதல் திரட்டி, புரூக்மன், பியர்ஸ் என்னும் இருவரை அனுப்பினர். அவர்கள் எல்லோரும் மொய்த்த இடத்தை விடுத்து, தெற்கே சில மைல் தூரத்திலிருந்த செங்குன்றுகளைக் குறித்துக்கொண்டனர். ஏனையோர் நகைத்தனர், புரூக்மனின் ஆட்டுப்பட்டி என்று பரிகசித்தனர். ஏனெனில் அக்குன்றுகளின்மேல் மின்னும் பொற்கட்டி இல்லை. அவர்கள் பழகியறிந்த வெண்கற் பாறையும் இல்லை. ஒரு வருடத்துக்கு முன் கூல்கார்டிக்காரர் எங்ஙனம் அயல்நிலத்தைப் புறக்கணித்தனரோ, அங்ஙனமே ஹனன்ஸ் ஊரினரும் தம் அயல்நிலத்தைப் புறக்கணித்தனர். முப்பதாண்டு அனுபவம் வாய்ந்த ஹனனும் அக்குன்றுகளை நாடவில்லை. அவர் கற்ற கல்வி கண்ணுக்குத் தெரியும் பொன்னைப் பற்றியது. குன்றுகளிலிருந்த பொன்னோ கரும்பாறையின் பிளவுகளுள் நுண்துகளாயும், தெலூரியம் என்னும் மூலகத்தோடு கூடித் தன் நிறம் மாறியும் மறைந்திருந்தது. 1896ஆம் ஆண்டிலேதான் அக்கனியத்தின் உண்மை அங்கு அறியப்பட்டது. அதற்குமுன் அதனைப் பயனற்ற கல்லென்று எறிந்து, பாதைக்குழிகளை நிரப்பினர் என்றும் கூறுவர்.

அக்குன்றுத்தொடரே பொன்மைல் என்று பின்னர் உலகப் புகழ் பெற்றது. அங்கிருந்து இதுவரை ஐந்து கோடி அவுன்சுக்கு மேற்பட்ட பொன் எடுக்கப்பட்டுள்ளது. பழைய சுரங்கங்கள் பல ஒன்றிணைக்கப்பட்டு, மூன்று கிலோமீற்றருக்கு மேல் நீளமான பெருங்குழியாக இன்று காட்சியளிக்கின்றன.

இப்பொன்னுக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. உவர்நீரைக் காய்ச்சி வடித்த நீர் அருமையாய் விற்கப்பட்டது. கூடாரங்களில் நெருப்புக்காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். பாறைக்குழிகளில் மழைநீரைக் காத்து வாழ்ந்த ஆதிக்குடிகள் தம் நீரையும் நிலத்தையும் இழந்தனர். மேற்குக் கரையோர மலைகளிலிருந்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் குழாய்வழி நீர் கொணரத் திட்டமிட்ட பொறியியலாளர் ஓ'கொனர், பழிச்சொற்களால் மனமுடைந்து 1902ஆம் ஆண்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு சனவரி மாதத்தில் நீர் கல்கூர்லியை அடைந்தது. அதைக் காண அவர் இல்லை.

ஹனன் தமது பங்கினை விற்றுவிட்டு, மீண்டும் பொன் தேடிச் சென்றார். மற்றொரு கல்கூர்லி அவருக்கு வாய்க்கவில்லை. முதுமை வந்தது. 1904ஆம் ஆண்டில் அரசாங்கம் அவருக்கு ஆண்டொன்றுக்கு 100 பவுண் உபகாரச் சம்பளம் வழங்கியது. 1911ஆம் ஆண்டில் அது 150 பவுணாக உயர்த்தப்பட்டது. புரூக்மனை அனுப்பியோர் திரட்டிய முதலும் 150 பவுணே என்பதை ஈண்டு நினைவுகூர்க. ஒருபுறம் கோடிகளுக்கு வித்தாகிய அத்தொகை, மறுபுறம் ஒரு முதியவரின் ஓராண்டு உணவாயிற்று. மணம் செய்யாத ஹனன், மெல்போண் நகரின் புரன்சுவிக் பகுதியில் மருமக்களோடு வாழ்ந்து, 1925ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் காலமானார்.

அவர் ஏமாந்தவர் என்று கூறலாமோ? கூறுதல் பொருந்தாது. கூல்கார்டியே எல்லையென்று மற்றையோர் எண்ணியபோது, அதற்கு அப்பால் நாற்பது கிலோமீற்றர் நடந்து, நின்று நோக்கியவர் அவரே. அவர் நின்றிராவிடின் புரூக்மன் வந்திரார். ஒருவர் தம் கல்விக்கெட்டிய எல்லைவரை சென்றார். அடுத்தவர் அவ்வெல்லையிலிருந்து தொடங்கினார். மண்ணை அறியும் கல்விக்கு மட்டுமன்றி எல்லாக் கல்விக்கும் இதுவே முறை. நூல்களை ஆராய்வோரும் பலர் உழுத வயலையே மீண்டும் உழுகின்றனர். வரப்புக்கு அப்பாற் கிடக்கும் தரிசை நோக்குவோர் அரியர்.

1929ஆம் ஆண்டிற் கல்கூர்லி நகரத்தார் ஹனனுக்கு ஒரு சிலை எடுத்தனர். அமர்ந்த கோலத்தில் அவர் கையிலே ஒரு நீர்ப்பை. அதிலிருந்து வழிப்போக்கர் அருந்தும் நீர் ஒழுகுமாறு அதனை அமைத்தனர். பொன் கண்டவர் கையிற் பொற்கட்டியை வையாது நீரை வைத்த அம்மக்கள், அந்நிலத்தில் எது அரியது என்பதை நன்கறிந்தவராவர்.