தூசியோடு போராடிய ஹால்டேன்

மஞ்சள் நிறச் சிறு பறவை ஒன்றைக் கூண்டில் அடைத்துச் சுரங்கத்துக்குள் எடுத்துச் செல்லும் வழக்கம் பிரிட்டனில் 1986 வரை இருந்தது. நச்சுக் காற்று பரவினால் மனிதனுக்கு முன்பே அப்பறவை மயங்கி விழும். உடனே தொழிலாளர் வெளியேறி உயிர் தப்புவர். கானரி என்னும் அந்தச் சிட்டைச் சுரங்கக் காவலாளி ஆக்கிய பெருமை டாக்டர் ஜான் ஸ்காட் ஹால்டேனைச் சேரும். பறவைக் கதை பலருக்கும் தெரியும். அவர் தூசியோடு நடத்திய போராட்டமோ அவ்வளவாகத் தெரியாது. தமிழர் பல்லாயிரவரின் வாழ்வோடு தொடர்புடையது அதுவே.

ஹால்டேன் 1860ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். 1884இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர் மருத்துவமனை வைத்துப் பொருள் ஈட்டவில்லை. மனிதர் சுவாசிக்கும் காற்றையே தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். டண்டி என்னும் ஆலை நகரில், இரவு வேளையில் ஏழைகளின் நெருக்கடியான வீடுகளுக்குச் சென்று, உறங்குவோர் மூச்சுவிடும் காற்றைக் குப்பியில் பிடித்து வந்து சோதித்தார். பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

1896 சனவரியில் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டனர். ஹால்டேன் அங்கு சென்று ஆராய்ந்தார். பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பு அன்று, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற வாயு என்று கண்டார். அந்த வாயு உடலை என்ன செய்யும்? அதை அறியத் தாமே அதைச் சுவாசித்து, தம் இரத்தத்தையே எடுத்துச் சோதித்தார்! வீட்டிலிருந்த ஆய்வறைக்குள் நச்சுக் காற்றோடு தம்மைப் பூட்டிக்கொள்வார். சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை சிறுமியான மகள் நயோமிக்கு. தந்தை மயங்கி விழுந்தால் வெளியே இழுத்துச் செயற்கைச் சுவாசம் அளிக்க வேண்டும். நம் தந்தையர் நம்மிடம் இப்படி ஒரு வேலை தந்தால் என்ன செய்வோம் தோழியரே? நயோமி அஞ்சாமல் செய்தாள். பிற்காலத்தில் பெரிய எழுத்தாளரானாள்.

இனித் தூசிக்கு வருவோம். இங்கிலாந்தின் மேற்குக் கோடியில் கார்ன்வால் என்ற பகுதி உண்டு. செம்பும் வெள்ளீயமும் வெட்டுவதில் அந்த ஊரார் கெட்டிக்காரர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குப் போய்க் கைநிறையப் பொருளோடு திரும்பிய அவர்களில் பலர், முப்பது நாற்பது வயதிலேயே இருமி இளைத்து இறந்தனர். காரணம் அறிய அரசு அமைத்த குழுவில் ஹால்டேனும் ஒருவர். 1904இல் அவர்கள் அறிக்கை வந்தது. பாறையைத் துளைக்கும் புதிய எந்திரத்தைக் கையாண்டவர்களே மிகுதியாக இறந்திருந்தனர். சுத்தியலும் உளியும் கொண்டு துளைத்த காலத்தில் எழுந்த தூசி கொஞ்சம். எந்திரம் புகைமண்டலம் போலத் தூசியைக் கக்கியது. அமெரிக்கச் சுரங்கங்களில் அந்த எந்திரத்துக்கு விதவையாக்கி என்றே பெயர்.

பாறைத் தூசியில் இருக்கும் சிலிக்காவே எமன். கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசி கொடியது. ஒரு மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்குக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடுகின்றன. அவற்றை விழுங்க வரும் உடலின் காவல் அணுக்கள் தாமே மடிகின்றன. அந்த இடம் தழும்பாகி இறுகுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றும் இல்லை. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும்.

குழு கூறிய பரிகாரமோ மிக எளியது. தண்ணீர்! துளைக்கும்போதே நீரைப் பாய்ச்சினால் தூசி எழாது. நம் பக்கத்தில் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து போர் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். முதலில் தெருவையே மறைக்கும் வெள்ளைத் தூசி, உள்ளே தண்ணீர் கண்டதும் அடங்கிச் சேறாக வழியும். ஆனால் நீர் பாய்ச்சக் குழாய் வேண்டும், செலவு வேண்டும். நனைந்த உடையோடு நாள் முழுதும் நிற்கத் தொழிலாளரும் விரும்புவதில்லை. ஆகவே எளிய பரிகாரமும் எளிதில் நடைமுறைக்கு வரவில்லை.

இதே கார்ன்வால் சுரங்கக்காரர்கள்தாம் 1880களில் ஆங்கிலக் கம்பெனியோடு கோலார் தங்கவயலுக்கும் வந்தனர். அவர்களின் கீழே, 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கிப் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். 1940களில் அங்கு 7,000க்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு 40க்கு மேற்பட்டோருக்கு சிலிக்கோசிஸ் இருப்பது தெரிந்தது. கார்ன்வால் அறிக்கை வெளிவந்து நாற்பது ஆண்டுகள் ஆன பின்னும் இந்த நிலை! அந்தச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. சுரங்கம் இல்லாத நம் கோவைக்கு இதில் தொடர்பில்லை என்று எண்ணிவிட முடியாது. நம் பவுண்டரிகளில் அச்சு செய்யும் மணலும் சிலிக்காவே.

ஹால்டேன் பின்னர் நிலக்கரிச் சுரங்க உடைமையாளர் செலவில் நடந்த ஆய்வுக்கூடத்துக்கு 1912 முதல் தலைவராக இருந்தார். 1915இல் போர்முனையில் நச்சுப் புகை வீசப்பட்டபோது வீரர்களுக்கு முகமூடி அமைக்கவும் உழைத்தார். ஆழ்கடலில் மூழ்குவோர் பத்திரமாக மேலே வரும் முறையை 1908இலேயே வகுத்திருந்தார்.

அத்தகையவரும் ஒன்றில் பிழைபட்டார். பாறைத் தூசி கொல்லும் என்று உலகுக்குச் சொன்னவர், நிலக்கரித் தூசி தீங்கற்றது என்று இறுதிவரை நம்பினார். நிலக்கரித் தொழிலாளருக்குக் காசநோய் குறைவு என்னும் கணக்கு அவரை அப்படி எண்ண வைத்தது. முதலாளிகள் மனம் குளிர அவர் அப்படிச் சொன்னார் என்று நான் கருதவில்லை. தம் உடலையே சோதனைக்குத் தந்தவர் அவர். ஆனால் சில நிமிடம் சுவாசித்தால் விளைவு காட்டும் வாயு வேறு, இருபது ஆண்டு கழித்து நெஞ்சை அடைக்கும் தூசி வேறு. தம்மீது சோதித்தறியும் அவரது முறை இங்கே உதவாது. அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பே, இருமிய நிலக்கரித் தொழிலாளருக்குத் தடையாயிற்று.

எழுபத்தைந்து வயதிலும் பாரசீக எண்ணெய் ஆலைகளில் வெப்பத்தால் மயங்கும் தொழிலாளரைக் காணப் பயணம் போனார். திரும்பிய சில நாட்களில், 1936 மார்ச்சில் ஆக்ஸ்போர்டில் காலமானார். அதற்கு 7 ஆண்டுகள் கழித்து, 1943இல்தான் நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கும் பிரிட்டனில் இழப்பீடு கிடைக்க வழி பிறந்தது.