தசைவலியை அளந்த பொரெல்லி

சாஸ்திர ஆராய்ச்சி செய்வோர் ராஜீய விஷயங்களில் தலையிடலாகாது என்று உபதேசம் செய்வோர் எக்காலத்தும் உண்டு. அவர்களுக்குச் செவிகொடுக்கும் நேயர்கள், இத்தாலியப் பேராசிரியர் ஜியோவானி அல்பான்ஸோ பொரெல்லியின் சரித்திரத்தையும் சற்றே கவனிக்குமாறு வேண்டுகிறோம்.

இவர் 1608-ம் வருஷம் ஜனவரி மாதம் 28-ந் தேதி நேப்பிள்ஸ் நகரில் பிறந்தார். தகப்பனார் ஸ்பானியப் போர்வீரர். அக்காலத்தில் நேப்பிள்ஸும் ஸிஸிலித் தீவும் ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்தன. கலிலியோவின் மாணாக்கராகிய காஸ்டெல்லியிடம் ரோமாபுரியில் கணிதம் பயின்ற பொரெல்லி, ஸிஸிலியிலுள்ள மெஸ்ஸீனாவிலும், 1656 முதல் பீஸாவிலும் கணிதப் பேராசிரியராக விளங்கினார். பீஸாவில் மால்பீகி என்னும் வைத்திய நிபுணர் இவருக்கு உற்ற நண்பரானார். கணிதரின் கண் பிராணிகளின் தேகத்தின்பால் திரும்பிற்று.

கையில் ஒரு பாரத்தைத் தாங்கி நிற்கும்போது தசை எவ்வளவு பலத்துடன் இழுக்கின்றது? சிறு பலத்தால் பெரும் பாரத்தைத் தூக்குவதே தசையின் சாமர்த்தியம் என்று பண்டைய வித்துவான்கள் நம்பியிருந்தனர். பொரெல்லி அந்நம்பிக்கையைத் தலைகீழாக்கினார். நேயர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். முழங்கைக் கீலிலிருந்து உள்ளங்கை சுமார் 35 செண்டிமீட்டர் தூரம். மேற்கைத் தசையின் நாண் எலும்பைப் பற்றியிருக்கும் இடமோ சுமார் 5 செண்டிமீட்டர்தான். ஆகவே, முன்கையை நீட்டி 10 இராத்தல் பாரத்தைத் தாங்கத் தசை 70 இராத்தல் விசையுடன் இழுத்தாக வேண்டும். கையின் சொந்தக் கனம் வேறு. இயற்கை பலத்தை இவ்வாறு வாரி இறைப்பது நஷ்டமன்றோ எனின், அன்று. தசை ஓர் அங்குலம் சுருங்கினால் கை ஏழு அங்குலம் நகர்கின்றது. வேகத்திற்குக் கொடுக்கும் விலை அது.

இதே கணக்கைக் கொண்டே, மனிதன் கைகளில் இறக்கை கட்டிப் பறக்க இயலாது, அவனுடைய மார்புத் தசைகளுக்கு அவ்வளவு வலியில்லை என்றும் தீர்மானித்தார். 1979-ல் ஒருவர் தமது தேகபலத்தாலேயே ஓட்டிய விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது மெய்தான். ஆனால் அவர் உழைத்தது கால்களால் மிதித்து!

தசை எதனால் சுருங்குகின்றது என்பதில் பொரெல்லி தவறினார். நரம்பின் வழியே ஒரு ரசம் இறங்கி, இரத்தத்துடன் கலந்து பொங்குவதால் தசை உப்புகின்றது என்று கருதினார். சுருங்கும் தசையின் கன அளவு பெருகுவதில்லை என்று அதே நூற்றாண்டில் ஸ்வாமெர்டாம் தவளைத் தசையைக் கொண்டு காட்டினார். இருவகை நுண்ணிழைகள் ஒன்றனிடையே ஒன்று வழுக்கிச் செல்வதே சுருக்கம் என்பது 1954-ல்தான் விளங்கிற்று. மேலும் தசை வெறும் கயிறுமன்று. இழுத்துப் பிடித்தால் முதலில் ரப்பரைப் போல் எதிர்த்து, பின்னர் பாகைப் போல் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். இவையெல்லாம் பொரெல்லி அறியாதவை. எனினும் அவருடைய நெம்புகோற் கணக்கு அதனால் பழுதுபடவில்லை.

1667-ல் அவர் மெஸ்ஸீனாவுக்குத் திரும்பினார். பீஸாவிலேயே தங்கியிருந்தால் சுகமாகக் காலங் கழித்திருக்கலாம். ஸ்பானிய ஆட்சியை ஒழிக்க அந்நகரத்தார் செய்த சதியாலோசனைகளில் இவருக்கும் பங்குண்டென்று அதிகாரிகள் சந்தேகிக்கவே, தள்ளாத வயதில் ரோமாபுரிக்கு ஓட நேர்ந்தது. அங்கே, முடிதுறந்த ஸ்வீடன் அரசி கிறிஸ்டீனா ஆதரித்தார். 1677-ல் இவருடைய உடைமைகளெல்லாம் களவு போயின. பாதிரிமார் மடம் ஒன்றில் இடம் பெற்று, மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்துக்கொண்டே தமது பெருநூலைத் திருத்தி வந்தார். 1679 டிஸம்பர் 31-ல் காலமானார். பிராணிகளின் இயக்கத்தைப் பற்றிய அந்நூல் 1680, 1681 ஆகிய வருஷங்களில் இரு பாகங்களாக அச்சேறிற்று. ஆசிரியர் அதைக் காணவில்லை.

மெஸ்ஸீனா நகரமோ 1674-ல் பகிரங்கமாகக் கிளர்ந்தெழுந்து, 1678-ல் அடக்கப்பட்டது. பொரெல்லி கற்பித்த சர்வகலாசாலையை ஸ்பானிய இராஜாங்கத்தார் அக்கிளர்ச்சிக்குத் தண்டனையாக மூடிவிட்டனர். அது மீண்டும் திறக்கப்பட்டது 1838-ல்.