கடலூர்ப் போர் வென்ற சுப்ரேன்

காடாம்புலியூரார்க்குக் கடலூர் அண்மையிலுள்ளதேயாயினும், அவ்வூர்க் கடலில் 1783 ஜூன் 20-இல் பதினைந்து பிரெஞ்சுக் கப்பல்கள் பதினெட்டு ஆங்கிலக் கப்பல்களை எதிர்த்துப் பொருதமையை அறிந்தார் சிலரே. பிரெஞ்சுக் கப்பல்களை நடத்தியவர் சுப்ரேன் என்பார்.

இவர் 1729-இல் புரோவான்ஸ் நாட்டில் உயர்குடியிற் பிறந்து, இளமையிலேயே கடற்படை புக்கார். மால்ட்டா வீரர் சங்கத்திலும் சேர்ந்தார். குலப்பெருமை காட்டாதார் அதன் உயர்வரிசையில் இடம்பெறுதல் அக்காலத்தில் அரிதாயிருந்தது. ஆதலின் அதன் எண்முனைச் சிலுவை அன்று பிறப்புக்கே சான்றாயிருந்தது. 1782-இல் ஹியூஸ் என்னும் ஆங்கிலத் தலைவரோடு சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை முதலிய கடல்களில் நான்கு முறை பொருதார். கடலூரில் ஹைதர் அலியைக் கண்டு அளவளாவினார். பருத்த மேனியர், உடையிற் சிறிதும் கருத்தில்லாதவர். ஐந்தாவதாகிய கடலூர்ப் போரின் பின், ஹியூஸ் நோயுற்ற மாலுமிகளோடு சென்னைக்கு மீண்டார்.

1784-இல் தாய்நாடு திரும்பியவர்க்குப் பதினாறாம் லூயி மன்னன் புதிதாக ஓர் உபகடற்றலைவர் பதவி படைத்தான். பரிசுத்த ஆவி விருதின் நீலப்பட்டிகையும் அளித்தான். மறுவருடம் பத்தோனி என்னும் ஓவியர் இவரை வரைந்தார். கப்பற்றளத்துச் சுப்ரேனை அப்படத்திற் காண்டல் அரிது! சிலுவை குலத்தையும் பட்டிகை அரசன் அருளையும் அறிவிக்கின்றன. ஹைதரின் துணையை அறிவிப்பது யாது? ஹியூஸும் பின்னர் ரெனால்ட்ஸ் கையால் விருதணிந்த கோலத்தில் வரையப்பெற்றார். தோற்று மீண்டவர் எனப் படங்கண்டு எவர் கூறுவர்?

சுப்ரேன் 1788 டிசம்பர் 8-இல் பாரிஸில் இறந்தார். அவர்க்கெனப் படைத்த பதவி அவரோடு ஒழிந்தது. படம் வெர்சேல்ஸ் அரண்மனையில் உள்ளது.