சாப்பிட மறந்த ராமானுஜன்... கையில் உருட்டிப் போட்டது யார்?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் அதிகாலை 3 மணிக்கே லைட் எரிய ஆரம்பித்துவிடும். ஒருபக்கம் வலையோடு கிளம்புகிறவர்கள், இன்னொருபக்கம் குரூப் 4, போலீஸ் தேர்வு என்று செல்போனும் கையுமாகப் படிக்கிறவர்கள். படகு ஏறுகிறவர் ரெண்டு வாய் பழைய சோறாவது சாப்பிட்டுவிட்டுத்தான் துடுப்பைத் தொடுவார். படிக்கிற பிள்ளைதான் டீயோடு நிறுத்திக்கொள்ளும். கேட்டால், சாப்பிட்டா தூக்கம் வருது, கவனம் போயிடுதுன்னு பதில் வரும்.

சோறு, தூக்கம் மறந்து உட்கார்ந்தால்தான் பெரிய ஆளாக முடியும்னு நம்மிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்கு நாம் காட்டுகிற உதாரணம் பெரும்பாலும் கணித மேதை ராமானுஜன்தான். மறந்தார் என்பது உண்மை. ஆனால், அவர் மறந்தபோதெல்லாம் ஞாபகம் வைத்திருந்தவர்கள் யார் என்பதை நாம் கேட்பதில்லை.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா துணிக்கடைக் கணக்கர். 1903-ல் ஜி.எஸ்.கார் எழுதிய கணிதத் தொகுப்பு கையில் கிடைத்தது. அவ்வளவுதான், மற்ற பாடமெல்லாம் காணாமல்போனது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. பிறகு சேர்ந்த பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் ஃபெயில். அவரைக் கவிழ்த்த பாடங்களில் ஒன்று உடலியல். சோறு எப்படிச் செரிக்கிறது என்று சொல்லித்தரும் பாடம்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் வருத்தம்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க் ஆனார். பழவேற்காட்டிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகச் சரக்குப் படகுகள் சென்னைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டில் அம்மா கோமளத்தம்மாள், பாட்டி, மனைவி ஜானகி. ராத்திரி முழுக்க சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்து, விடிந்த பிறகு ரெண்டு மூணு மணி நேரம் தூங்கி ஆபீஸ் போன நாள்களும் உண்டு. யோசனை அறுந்துவிடக் கூடாது என்று அம்மாவோ பாட்டியோ சோற்றைப் பிசைந்து அவர் கையில் உருட்டிப் போடுவார்கள். அவர் கண் சிலேட்டில், கை வாயில். அந்தக் கவனத்துக்கு அந்த வீடு முழுவதும் காவல் இருந்தது.

1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. சுத்த சைவம் என்பதால் பொது உணவுக்கூடத்தில் சாப்பிடாமல் அறையிலேயே சமைத்துக்கொண்டார். ஒருநாள் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தபோது, நண்பர் பி.சி.மஹாலனோபிஸ் பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றை வாசித்தார். ஒரு தெருவில் வரிசையாக எண்ணிட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டலும் அந்தப் பக்கக் கூட்டலும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள் என்றால் அது எந்த வீடு? (288 வீடுகளில் 204-வது.) ராமானுஜன் கிளறுவதை விடாமல், அந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, இந்த மாதிரி எத்தனை தெரு இருந்தாலும் பொருந்தும் ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லிவிட்டார்.

கரண்டி பிடித்த கையோடு அப்படியொரு கவனம்! ஆனால், அந்தக் கரண்டியைப் பிடிக்க வேறு ஆள் இல்லை. உலகப்போர் வந்தது, பாலும் காய்கறியும் கிடைப்பது கஷ்டமானது. ஒரேமூச்சில் 30 மணி நேரம் வேலை, பிறகு 20 மணி நேரம் தூக்கம் என்று நாள் குழம்பியது. வெயில் இல்லாத ஊர், வேளை தப்பிய சாப்பாடு. 1917-ல் படுத்துவிட்டார்.

காசநோய் என்றார்கள், வைட்டமின் குறைபாடு என்றார்கள். சென்னையில் இருந்தபோதே வந்த சீதபேதி கல்லீரலில் தங்கியிருக்கலாம் என்று 1994-ல் டி.ஏ.பி.யங் என்ற மருத்துவர் எழுதினார். அதனால் பட்டினிதான் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால், நோயோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பு வேண்டுமே! மேட்லாக் மருத்துவ விடுதிக்குப் போய்ப் பார்த்த ராமலிங்கம் என்ற பொறியாளர், ராமானுஜன் அங்கே சாப்பாட்டுக்குப் படும் பாட்டை பேராசிரியர் ஹார்டிக்கு நீளமாகக் கடிதம் எழுதித் தெரிவித்தார்.

மூளை நம் எடையில் 2 சதவிகிதம்தான். ஆனால், உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவிகிதத்தை அது எடுத்துக்கொள்ளும். வெறும் டீயில் அது எத்தனை நேரம் ஓடும்? பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஏரி மடவையும் நண்டும் வீட்டு வாசலுக்கே வரும். மீனில் புரதம், பி12, மூளைக்குத் தேவையான ஒமேகா-3 கொழுப்பு எல்லாம் உண்டு. சைவம் என்றால் பருப்பு, தயிர், கீரை. படிப்பு ராத்திரிதான் ஏறும் என்றால் படிக்கலாம், ஆனால் தூக்கத்தில் கை வைக்கக் கூடாது. படித்தது மனதில் தங்குவதே தூங்கும்போதுதான். சாப்பாட்டு நேரத்துக்கு போனில் ஓர் அலாரம் வைப்பதும் நல்லது. கையில் உருட்டிப் போட எல்லோருக்கும் பாட்டி இருக்க மாட்டார்.

1919 மார்ச்சில் ராமானுஜன் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். ஜானகி வேளை தவறாமல் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்தார். வலித்த இடத்தில் ஒத்தடம் கொடுத்தார். அந்த ஓராண்டில், படுத்த படுக்கையிலேயே மாக் தீட்டா சார்புகளைக் கண்டுபிடித்து ஹார்டிக்கு எழுதினார் ராமானுஜன். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானபோது அவருக்கு வயது 32.

ஜானகி 1994 வரை இருந்தார். இங்கிலாந்துக்குத் தன்னையும் கூட்டிப்போயிருந்தால் உடம்பு இப்படிக் கெட்டிருக்காது என்று கணவர் வருந்தியதை, வயதான பிறகும் தன்னைப் பார்க்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.