வாய்ச்சி பிடிக்க நாணாத ஆசிரியர் வேண்டும் என்றவர்

மகாத்மா ஜோதிராவ் புலே என்றதும், 1848 இல் புனே நகரில் அவர் பெண் மக்களுக்குத் திறந்த பள்ளியே நம் நினைவுக்கு வரும். கல்லும் சுண்ணாம்பும் கையாண்ட புலேயை நம்மவர் அதிகம் அறியார். விழுப்புரம், திண்டிவனம் வட்டார இளைஞர்கள் அவரையும் அறிதல் வேண்டும்.

1827 ஏப்ரல் 11 ஆம் நாள் மராட்டிய நாட்டில், மாலி எனும் தோட்டக்காரக் குலத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். தொடங்கிய படிப்பும் இடையில் நின்றது. தந்தையாரின் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தார். அண்டை வீட்டார் இருவர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் கிறித்தவர், தந்தையாரிடம் எடுத்துரைத்ததன் பயனாக 1841 இல் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் சேர்ந்தார்.

துணைவியார் சாவித்திரிபாயுடன் மகார், மாங்கு இன மக்களுக்குப் பள்ளிகள் கண்டார். 1855 இல் உழைப்பாளர்க்கு இரவுப் பள்ளியும் தொடங்கினார். பள்ளியோடு ஒரு தொழிற்பிரிவு இணைந்திருந்தால், அதனை விட்டு வெளியேறும் பிள்ளை எவரையும் அண்டாது பிழைக்கும் என்பது அவர் எண்ணம்.

தம் பிழைப்புக்கு அவர் பள்ளியை நம்பவில்லை. 1863 இல் உலோக வார்ப்புக் கருவிகள் விற்கும் வணிகம் தொடங்கினார். பின்னர் ஒப்பந்தக்காரரானார். 1870களில் மூளா-மூட்டா ஆற்றின் அணைக்குக் கட்டுமானப் பொருள்கள் வழங்கினார். காத்ரஜ் சுரங்கப்பாதைக்கும் எரவாடா சிறைக்கும் வேலையாட்களை அமர்த்தினார். கல் உடைப்பவர் ஒருவர், அளவு எழுதுபவர் வேறொருவர் என்பதை அங்கே நேரில் கண்டார். 1873 இல் வெளியான அவரது குலாம்கிரி நூலில், பொறியியல் துறை அலுவலர்களின் சூழ்ச்சியைச் சாடும் பாடலும் இடம் பெற்றுள்ளது.

நம் ஊர்களில் நிலை வேறா? சுவர் எழுப்பத் தெரிந்த நம் கொத்தனார் பலர்க்கு அதன் வரைபடத்தைப் படிக்கத் தெரியாது. பிறர் எழுதிய கன அடிக் கணக்கே அவர் கூலியாகிறது.

1882 இல் ஹண்டர் கல்விக் குழுவுக்குப் புலே ஒரு விண்ணப்பம் அளித்தார். பன்னிரண்டு வயது வரையேனும் கட்டாயக் கல்வி வேண்டும் என்றார். எழுத்து, கணக்கு, வரலாறு ஆகியவற்றுடன் வேளாண்மையும் கற்பிக்க வேண்டும். அது ஏட்டளவில் நில்லாது, பள்ளியை ஒட்டிய சிறு மாதிரிப் பண்ணையில் செய்தே பழக வேண்டும் என்றார். உழவர் குலத்திலிருந்து ஆசிரியர் வர வேண்டும். வேளை வந்தால் ஏர்க்காலையும் தச்சரின் வாய்ச்சியையும் பிடிக்க அவர் நாணலாகாது. உயர்நிலைப் பள்ளிக் கல்வி வாழ்க்கைக்கு உதவாதது, எழுத்தரையும் பள்ளி ஆசிரியரையும் உண்டாக்கவே பயன்படுவது என்றும் கடிந்தார். ஆசிரியராகிய நமக்கு அது சற்றே சுடத்தான் செய்கிறது.

ஒருமுறை நம் ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் நூல்குண்டும் ரசமட்டமும் தந்து பள்ளிச் சுற்றுச்சுவரை அளக்கச் செய்தோம். கணக்கில் மந்தமானவன் எனப் பெயர் பெற்றிருந்த ஒருவனே பிழையின்றி அளந்து, செங்கல் கணக்கும் போட்டான். மறுநாள் அவன் தாயார் வந்தார். தாம் செங்கல் சுமப்பது போதாதா, மகனையும் சித்தாள் ஆக்கவா பள்ளிக்கு அனுப்பினேன் என்று கேட்டார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. 1953 இல் சென்னை மாநிலத்தில் அரைநாள் பள்ளி, அரைநாள் தந்தை தொழில் எனும் திட்டம் வந்து, பெரும் எதிர்ப்புக்குப்பின் 1954 இல் கைவிடப்பட்டதை நம் பெரியோர் மறந்திலர். புலே கேட்டது அதுவன்று. தந்தையின் தொழிலை அவர் மகன் தலையில் ஏற்றவில்லை. வாய்ச்சியோடு கணக்கேட்டையும் ஒரே கையில் தரச் சொன்னார். மாணவன் வரைந்த சுவர்ப்படத்தைத் தாயாரிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு சென்றார்.

1888 மே 11 ஆம் நாள் பம்பாய் மக்கள் புலேக்கு மகாத்மா எனும் பட்டம் சூட்டினர். அவ்வாண்டே வாத நோய் தாக்கி வலப்பக்கம் செயலற்றது. தம் இறுதி நூலை இடக்கையால் எழுதி முடித்தார். 1890 நவம்பர் 28 ஆம் நாள் மறைந்தார்; நூல் அடுத்த ஆண்டு அச்சேறியது.