கார் மன்னர் ஆன உழவர் மகன்

இத்தாலி நாட்டில் ஒரு பணக்காரர் இருந்தார். அவரிடம் பல கார்கள் இருந்தன. அவற்றில் ஒன்று அடிக்கடி மக்கர் செய்தது.

வேறு ஒருவராக இருந்தால், அந்தக் காரைத் தள்ளிவிட்டு வேறு கார் வாங்கி இருப்பார். இவர் அப்படிச் செய்யவில்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார். அதோடு நிற்கவில்லை. தாமே ஒரு கார் தொழிற்சாலையைத் தொடங்கிவிட்டார்!

அவர்தான் பெருச்சியோ லம்போர்கினி. இன்று உலகம் எங்கும் பெயர் பெற்ற லம்போர்கினி கார், இவருடைய பெயரைத் தாங்கியதே.

ஏரை விட யந்திரம்

லம்போர்கினி 1916-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி பிறந்தார். வட இத்தாலியில் சென்டோ நகரை அடுத்த ரெனாட்சோ என்ற சிற்றூர் அவர் ஊர். பெற்றோர் திராட்சை பயிரிட்ட உழவர்கள்.

மகனும் நிலத்தைப் பார்த்துக்கொள்வான் என்று அவர்கள் நினைத்தார்கள். பையனின் மனமோ யந்திரங்களிடம் இருந்தது. நிலத்தை விட, நிலத்தை உழுத யந்திரமே அவனைக் கவர்ந்தது. தொழிற்கல்வி படித்தான்.

இரண்டாவது உலகப்போர் வந்தது. லம்போர்கினி விமானப் படையில் சேர்க்கப்பட்டார். ரோட்ஸ் தீவில், ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலை கொடுத்தார்கள்.

அது கடல் சூழ்ந்த தீவு. உதிரி உறுப்புகள் எளிதில் கிடைக்காது. ஒரு லாரி கெட்டால், இன்னொரு லாரியின் உறுப்பைக் கழற்றிப் பொருத்தவேண்டும். அதுவும் இல்லை என்றால், இருப்பதை ராவியும் தட்டியும் சரிக்கட்டவேண்டும். எந்தப் பள்ளியும் சொல்லித்தராத பாடத்தை லம்போர்கினி அங்கே கற்றார்.

போர் முடியும் நேரத்தில் அவர் ஆங்கிலேயரிடம் கைதியானார். 1946-ல்தான் ஊர் திரும்பினார்.

துக்கமும் தொழிலும்

ஊருக்குப் பக்கத்தில் பியவே டி சென்டோ என்ற இடத்தில் ஒரு பட்டறை வைத்தார். மறு ஆண்டு அவருக்கு ஒரு மகன் பிறந்தான். ஆனால் அந்தப் பிரசவத்திலேயே மனைவி கிளேலியா கண்ணை மூடிவிட்டார். கையில் பச்சைக் குழந்தை. பட்டறையோ அப்போதுதான் தொடங்கியது. லம்போர்கினி மனம் தளரவில்லை. வேலையில் மூழ்கினார்.

போருக்குப் பின் இத்தாலியில் உழவுக்கு டிராக்டர்கள் தேவைப்பட்டன. புதிது வாங்க உழவர்களிடம் பணம் இல்லை. ஆனால் போரில் ஓடி ஓய்ந்த ராணுவ லாரிகள் மலிவாகக் கிடைத்தன. அவற்றின் என்ஜின்களையும் பாகங்களையும் கொண்டு லம்போர்கினி டிராக்டர் செய்தார்.

பெட்ரோல் விலை அதிகம். அதற்கும் ஒரு வழி கண்டார். பெட்ரோலில் என்ஜினைக் கிளப்பி, பிறகு மலிவான டீசலில் ஓட்டும்படி ஒரு கருவி அமைத்தார். உழவர்கள் விரும்பி வாங்கினார்கள். 1948-ல் டிராக்டர் நிறுவனம் பிறந்தது.

அதே ஆண்டு ஒரு விளையாட்டும் நடந்தது. பியட் நிறுவனத்தின் சின்னஞ்சிறு கார் ஒன்று அவரிடம் இருந்தது. மக்கள் அதைச் "சுண்டெலி" என்று செல்லமாக அழைத்தார்கள். லம்போர்கினி அதன் என்ஜினைக் கடைந்து பெரிதாக்கினார். மில்லே மிலியா என்ற புகழ்பெற்ற கார் பந்தயத்தில் ஓட்டினார். சுண்டெலி நெடுந்தூரம் ஓடியது. கடைசியில் ஓர் உணவு விடுதியின் சுவரில் மோதி நின்றது! அதன் பிறகு லம்போர்கினி பந்தயத்தை நாடவில்லை.

வழுக்கிய கிளட்ச்

டிராக்டர் தொழில் ஓங்கியது. லம்போர்கினி செல்வந்தர் ஆனார். உயர்ந்த கார்களாக வாங்கினார். அவற்றில் ஒன்று பெராரி. அந்தக் காரில்தான் கோளாறு வந்தது. கெட்டது கிளட்ச்.

கிளட்ச் என்பது என்ன? என்ஜின் சுழல்கிறது. அந்தச் சுழற்சி சக்கரத்துக்குப் போகவேண்டும். இரண்டு தட்டுகளை ஒட்ட வைத்து அழுத்தினால், ஒன்று சுற்றும்போது மற்றதும் சுற்றும் அல்லவா? அதுதான் கிளட்ச். காலால் மிதித்தால் தட்டுகள் விலகும். காலை எடுத்தால் சேரும். தட்டு தேய்ந்துபோனாலும், என்ஜினின் வலுவை அது தாங்காவிட்டாலும் வழுக்கத் தொடங்கும். அப்போது என்ஜின் கத்தும். கார் வேகம் எடுக்காது.

லம்போர்கினி பலமுறை காரை பெராரி தொழிற்சாலைக்கு அனுப்பினார். சரிசெய்து கொடுத்தார்கள். மறுபடியும் வழுக்கியது. பொறுத்துப் பார்த்துவிட்டு, தம் பட்டறையிலேயே பிரிக்கச் செய்தார். உள்ளே அவருக்கு வியப்பு காத்திருந்தது. அவருடைய டிராக்டர்களில் போடும் அதே கம்பெனி கிளட்ச்தான் அந்த விலை உயர்ந்த காரிலும் இருந்தது!

நேரே போய், என்சோ பெராரியிடம் குறையைச் சொன்னார். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு பெராரி ஓட்டத் தெரியாது, குறை காரில் இல்லை என்ற பொருளில் பதில் வந்தது. பின்னாளில் லம்போர்கினி சொன்ன வரலாறு இது.

உழவர் மகனுக்கு அந்தச் சொல் தைத்தது. கோபத்தில் அவர் சண்டை போடவில்லை. வேலையைத் தொடங்கினார்.

காளை பாய்ந்தது

1963-ல் சான்டகட்டா என்ற ஊரில் கார் தொழிற்சாலை எழுந்தது. முன்பு பெராரியிடம் வேலை பார்த்த பிட்சாரினி என்ற பொறியாளர், 12 சிலிண்டர் என்ஜினை அமைத்துக் கொடுத்தார். பெராரியின் சின்னம் குதிரை. லம்போர்கினி காளையைத் தம் சின்னமாக வைத்தார். அவர் பிறந்தது ரிஷப ராசி.

அதே ஆண்டு டூரின் நகரக் கண்காட்சிக்கு முதல் கார் வந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் மூடியை மட்டும் திறந்து காட்டவில்லை. என்ஜின் அந்த இடத்தில் பொருந்தவில்லை. பாரத்துக்குச் செங்கல்லை அடுக்கி இருந்தார்கள்!

அவமானம் என்று யாரும் ஒதுங்கவில்லை. தவறைத் திருத்தினார்கள். மறு ஆண்டே நல்ல கார்கள் விற்பனைக்கு வந்தன. 1966-ல் வந்த மியூரா என்ற கார், உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. என்ஜினை ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால், குறுக்காக வைத்திருந்தார்கள்.

மீண்டும் மண்

ஏற்றம் இருந்தால் இறக்கமும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் பொலிவியா நாடு கேட்டிருந்த ஏராளமான டிராக்டர்கள் ரத்தாயின. நஷ்டம் நெருக்கியது. லம்போர்கினி டிராக்டர் தொழிலை விற்றார். கார் தொழிற்சாலையில் பெரும்பங்கையும் 1972-ல் விற்றார். மிச்சப் பங்கும் 1974-ல் கைமாறியது. தம் பெயர் தாங்கிய தொழிற்சாலையில் அவருக்குச் சொந்தமாக ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆனால் அவர் ஒடிந்துவிடவில்லை. டிராசிமேனோ ஏரிக் கரையில் நிலம் வாங்கி, தந்தையைப் போலவே திராட்சை பயிரிட்டார். தாம் செய்த மது ஒன்றுக்கு "மியூராவின் ரத்தம்" என்று பெயர் வைத்தார். 1993-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி, 76-வது வயதில் காலமானார்.

தொழிற்சாலை பல கை மாறி, 1998-ல் ஜெர்மனியின் ஆடி நிறுவனத்திடம் சேர்ந்தது. காளைச் சின்னம் மட்டும் மாறவில்லை.

குறையைக் கண்டால் முணுமுணுக்கிறவர்கள் பலர். அதைப் பிரித்துப் பார்த்து, சரியானதைச் செய்து காட்டுகிறவர்கள் சிலர். லம்போர்கினி அந்தச் சிலரில் ஒருவர். வழுக்கிய ஒரு கிளட்ச், அவரை வழுக்கி விழச் செய்யவில்லை, உயரத்தில் ஏற்றியது!